மாடியறையில் நான் பெய்வித்த மழை

என் வீட்டு மாடியறைக்குள் ஒரு தடவை போலீஸ் வந்திருக்கிறது. வந்தவரை முகம்கூடப் பார்க்காமல் அதட்டி, பூட்ஸைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன். அவரும் கழற்றினார். என் வாழ்க்கையில் என் அதட்டலுக்கு ஓர் ஆள் பணிந்தது அந்த ஒரு முறைதான். அதனாலேயே அந்த ஞாயிற்றுக்கிழமையை முழு அவமானம் என்று ஒதுக்கிவிட இன்றுவரை மனசு வரவில்லை. (அவமானம்தான். அதில் என் மனைவிக்குச் சந்தேகமே கிடையாது.)

எல்லாவற்றுக்கும் காரணம் மழை.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல், கரிசலுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு கம்பெனி ஷெட்டுகள். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டி, பசை காய்வதற்காக வாசலில் பரப்பி வைத்திருப்பார்கள். வெறும் குழாய்தான், மருந்து நிரப்புவதெல்லாம் கம்பெனியில். ஆகவே இங்கே மழை வந்தால் யாரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ரசிப்பதில்லை, எழுந்து ஓடுவார்கள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் பார்க்கிறேன். அங்கேயும் இதே பாடுதான். ஈரக்காற்று அடித்தால் காகிதம் ஒரு நூல் பெருத்துவிடும், நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராது, அச்சான தாளில் நடிகைக்கு இரண்டு மூக்கு விழும். மழையைத் திட்டியே வளர்ந்தவன் நான்.

அப்படிப்பட்டவன் ஒருநாள் கிரேஸுக்கு மிக்ஸி ஜார் வாங்க மதுரைக்குப் போனேன். (கிரேஸ் என் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.) கடையின் மேல் தளத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. ஜார் இருக்கும் இடம் எது என்று கேட்கத்தான் உள்ளே எட்டிப் பார்த்தேன். அங்கிருந்த விற்பனையாளர் என்னை ஒரு சோபாவில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, மழையைப் போட்டார்.

முதலில் வலது காதுக்குப் பின்னால் ஓட்டின்மேல் ஒரு துளி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடது பக்கம், தள்ளி, வாழை இலை மாதிரி எதன்மேலோ இன்னொன்று. அப்புறம் அறை முழுக்க, தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால், தரைக்கு அடியில்கூட மழை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எங்கள் கரிசல் முழுக்கத் தண்ணீர் நிற்பதையும், அதில் நான் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு வேலையும் இல்லாமல் நடப்பதையும் கண்டேன். எதையும் அள்ளி வைக்க வேண்டியதில்லை, எதையும் மூட வேண்டியதில்லை, நடந்துகொண்டே இருந்தால் போதும். விற்பனையாளர் என் தோளைத் தொட்டு எழுப்பியபோது அரை மணி நேரம் போயிருந்தது. வாய் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு, இது என்னது என்று கேட்டேன். ஹோம் தியேட்டர் என்றார்.

ஜார் இல்லாமல், ஆறு அட்டைப் பெட்டிகளோடு ஊர் திரும்பினேன்.

கிரேஸ் சத்தம் போடுகிற ஆள் இல்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர், அவற்றை ஆட்டுவிக்கிற ரிசீவர் என்ற கறுப்புப் பெட்டி என் மடியில் தனியாக. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். மாடியறை என்றேன். தப்பு அங்கேதான் நடந்தது. அந்த மாடியறையை அவள் தன் டியூஷனுக்கென்று மனசுக்குள் எப்போதோ வெள்ளையடித்து முடித்திருந்தாள். கரும்பலகைகூட வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டிருந்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

“வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வாராக. அவுக முன்னாடி அந்த மழையப் பெய்ய வைங்க. நெசமாவே மழைதான்னு எனக்குத் தோணிச்சுன்னா ரூம் உங்களுக்கு. தோணலைன்னா திங்கக்கிழமை காலையில போர்டை மாட்டிருவேன்.”

கணக்கு டீச்சரின் பேச்சில் நழுவ இடைவெளி இருக்காது. ஏழு நாள். ஏழு நாளைக்குள் மழை பெய்யாவிட்டால் என் கனவு அறை ஏழாம் வகுப்புப் பின்னங்களுக்குப் போய்விடும். எனக்கு அந்த அறை வேண்டும். மதுரைக் கடையில் மூடிய கண்ணை எனக்குச் சொந்தமான ஓர் இடத்தில் இன்னொரு முறை மூட வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஆசை ஒன்றுமில்லை.

கிரேஸின் அண்ணன் தேவசகாயம் விருதுநகரில் இயற்பியல் ஆசிரியர். போனில் விஷயத்தைக் கேள்விப்பட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மாப்ளே, இருக்கது ரெண்டு காது. எதுக்கு ஆறு ஸ்பீக்கரு?” அன்றிரவு இணையத்தில் பதில் தேட ஆரம்பித்தவன் பைத்தியமாகத்தான் வெளியே வந்தேன்.

பெட்டிகளை மூலைக்கு ஒன்றாக வைத்து ஒயரைச் சொருகினால் முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி வைத்ததும் கேட்டது மழை இல்லை, தகரத்தில் புளியங்கொட்டை கொட்டுகிற சத்தம். ஸ்பீக்கர்கள் காது உயரத்தில் இருக்க வேண்டுமாம், கேட்கிறவனைப் பார்த்து லேசாகத் திரும்பியிருக்க வேண்டுமாம், ஐந்திலிருந்தும் சத்தம் ஒரே கணத்தில் நாற்காலிக்கு வந்து சேர வேண்டுமாம். இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு கலரை ஒரே புள்ளியில் உட்காரவைக்கிற பிழைப்புதானே என்னுடையது. அறை நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன் காலில் சணலைக் கட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இழுத்து, சாக்பீஸால் தரையெல்லாம் கோடு கிழித்தேன். சணலைக் கால் இஞ்ச் தளர்த்துவதும் கட்டுவதுமாக இரண்டு சாயங்காலம் போயின. அந்த இரண்டு சாயங்காலமும் எனக்குப் பசி எடுக்கவில்லை.

சப்வூஃபர் என்பது இடி மாதிரியான கனத்த சத்தத்துக்கான பெட்டி. அதற்கு இடம் கண்டுபிடிக்க ஒரு முறை சொல்லியிருந்தார்கள். அந்தப் பெட்டியை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்துவிட்டு, நாம் தரையில் நாலு காலில் தவழ்ந்து, சத்தம் எந்த மூலையில் நன்றாகக் கேட்கிறதோ அங்கே அதை வைக்க வேண்டும். நம்பினேன். தவழ்ந்தேன். காதைத் தரையோடு வைத்து ஜன்னலோரம் ஊர்ந்துகொண்டிருந்தபோது கிரேஸ் காபியோடு வந்து நின்றாள். நாற்காலியில் பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. “எதைத் தொலைச்சீக?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்தது அளவெடுப்பு. ரிசீவரோடு ஒரு சின்ன மைக் கொடுத்திருந்தார்கள். அதை நம் தலை இருக்கும் இடத்தில் நிறுத்தி பட்டனை அமுக்கினால், ஒவ்வொரு ஸ்பீக்கரும் அடிவயிற்றிலிருந்து உச்சிவரை ‘ஊய்ய்ங்’ என்று ஒருமுறை கத்தும். மைக் அதைக் கேட்டு அறையை அளந்து, எல்லாவற்றையும் தானே சரிபண்ணிக்கொள்ளும். ஒரே நிபந்தனை, அந்த ஐந்து நிமிஷமும் வேறு சத்தமே கூடாது. பக்கத்துக் கம்பெனிகளில் சாயங்காலமானால் புதுச் சரக்கைச் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள் என்பது மைக்கைச் செய்தவனுக்குத் தெரியாது. நான் பட்டனை அமுக்கியதும் அங்கே ‘டமார்’. சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று திரையில் எழுத்து வரும். மறுபடி அமுக்குவேன். மறுபடி ‘டமார்’. நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அதனால் அறையையே இறுக்கி மூடுவது என்று முடிவுசெய்தேன். ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்தேன். சுவரில் பட்டு எதிரொலி திரும்பாமலிருக்க மேடும் பள்ளமுமாக ஏதாவது ஒட்ட வேண்டும் என்று படித்திருந்ததால், அளவு தவறி ஒதுக்கிய காலிக் காகிதக் குழாய்களைச் சிவகாசியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கினேன். இன்னொரு செலவா என்று கிரேஸ் கேட்பாளே என்று பயந்து, மூட்டையின்மேல் பழைய காலண்டர் தாளைச் சுற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஸ்கூட்டரில் கொண்டுவந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாடிக்கு ஏற்றினேன்.

கடைசியாக ஓர் அறிவிப்பு எழுதி அறை வாசலில் மாட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் காரணம் இருந்தது. செருப்பு தரையில் உரசும். செல்போன் அலறும். மின்விசிறி இரையும். மொறமொறப்பான துணி சரசரக்கும். ஆள் கூடினால் உடம்பே சத்தத்தை விழுங்கிவிடும். எழுதி முடித்தபோது அட்டை இப்படி இருந்தது:

‘செருப்பை வெளியே விடவும். செல்போன் கூடாது. மின்விசிறி போடக் கூடாது. பருத்தி ஆடை மட்டும். நாலு பேருக்கு மேல் அனுமதி இல்லை.’

இந்த வாசகம் எனக்கு எங்கிருந்து இவ்வளவு சரளமாக வந்தது என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து எந்தப் பக்கம் போனாலும், எங்கள் ஊரின் எல்லாப் பட்டாசு ஷெட்டின் வாசலிலும் மாட்டியிருக்கிற பலகை அதுதான்.

எதிர்வீட்டு பால்ச்சாமி அண்ணாச்சி யோசித்தார். முப்பது வருஷம் பட்டாசு கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளிக்கிழமை ஏணி இரவல் கேட்டு மாடிக்கு வந்தவர் அறை வாசலில் நின்று அட்டையைப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். உள்ளே கறுப்புத் துணி, தரையில் சாக்பீஸ் கோடு, மூலையில் ஒயர் சுருள், வாய் திறந்த மூட்டையில் குழாய். குழாய்க்கு எங்கள் தெருவில் யாரும் பயப்பட மாட்டார்கள். குழாய் ஜன்னல் மூடிய அறைக்குள் ஒளிந்தால்தான் பயப்படுவார்கள். உள்ளே என்ன தம்பி வேலை என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தெரியும் அண்ணாச்சி, அதுவரைக்கும் ரகசியம் என்று கண்ணைச் சிமிட்டினேன். (அந்தக் கண்சிமிட்டலை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.) அவர் ஏணியை வாங்காமலே இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போய்வந்து, கறிக்குழம்பு சாப்பிட்டு, மூன்றே முக்காலுக்கு மூன்று பேரும் மாடியேறினோம். ஞாயிறு கம்பெனிகளுக்கு விடுமுறை, சாம்பிள் வெடி கிடையாது. ஆவணி வெயில் தெருவில் விளக்கமாற்றைப் போட்டால் பற்றிக்கொள்ளும் போலிருந்தது. மச்சானின் சட்டை பாலியஸ்டர். அவர் திரும்பும்போதெல்லாம் சரசரத்தது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதைக் கழற்றச் சொல்லி மொட்டைமாடிக் கொடியில் தொங்கவிட்டேன். இயற்பியல் ஆசிரியர் பனியனோடு உட்கார்ந்து, தங்கையை ஒரு பார்வை பார்த்தார். இவனுக்கா உன்னைக் கொடுத்தோம் என்கிற பார்வை. நான் கண்டுகொள்ளவில்லை. பட்டனை அமுக்கினேன். முதல் ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிய நேரம், படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

நான் மைக்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “கழட்டிட்டு வாங்க. பேசாதீக” என்று சீறினேன்.

பூட்ஸ் நின்றது. கழன்றது. திரும்பிப் பார்த்தால் எஸ்.ஐ. ஒருவர் வெறும் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தார். பின்னால் எங்கள் வி.ஏ.ஓ. அம்மா, தன் செல்போனைப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். அந்த அட்டையைப் பார்த்தால் எங்கள் பக்கத்து மனிதர்களுக்குக் கை தானாக அப்படித்தான் போகும். கடைசியாக பால்ச்சாமி அண்ணாச்சி. அவர் உள்ளே வரவில்லை. தலைகளை எண்ணினார். “ஆறாகுது சார். நாலுக்கு மேல வேண்டாம்” என்று சொல்லி, வி.ஏ.ஓ. அம்மாவையும் நிறுத்திக்கொண்டு நிலைப்படிக்கு வெளியே நின்றார்.

“தம்பி, நான் காட்டிக்கொடுக்க வரலை. வீட்டுக்குள்ள இந்த வேலை பாத்தவுக வீடே இல்லாமப் போனத நான் பாத்திருக்கேன். உம் மேல கோவம்லாம் இல்லை. கிரேஸ் டீச்சரு கீழ அம்புட்டுப் பிள்ளைகள வச்சுப் பாடம் எடுக்குது. அதான் எனக்கு உறக்கம் வரலை.”

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் திருட்டுத்தனமாகப் பட்டாசு செய்கிறேன் என்று நினைத்திருக்கிறார். ஊருக்கே ஆபத்தான ஆள் என்று நினைத்தும், நேற்று வரைக்கும் என்னிடம் நல்லபடியாகத்தான் பேசியிருக்கிறார். வெட்கத்தில் என் காது மடல் சுட்டது.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ரிசீவர் விடவில்லை. அது பாட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தது. ‘ஊய்ய்ங்’ என்று முதல் ஸ்பீக்கர் அடியிலிருந்து உச்சிக்கு ஏறியது. எங்கள் ஊரில் ஒரு சத்தம் இப்படி மேலே ஏறினால் அடுத்து என்ன வரும் என்று பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். எஸ்.ஐ. குனிந்துவிட்டார். வி.ஏ.ஓ. அம்மா காதைப் பொத்தினார். எல்லாரும் வெடிக்குக் காத்திருந்தார்கள். வெடிக்கவில்லை. இரண்டாவது ஸ்பீக்கர் ஏறியது. வெடிக்கவில்லை. ஐந்தாவதும் ஏறி அடங்கிய பிறகு அண்ணாச்சி தலையை ஆட்டினார். “அஞ்சும் புஸ்ஸு” என்றார். அவர் குரலில் பயம் போய், சரக்கைத் திருப்பி அனுப்புகிற ஃபோர்மேனின் சலிப்பு வந்திருந்தது.

நான் இன்னும் ஒட்டாமல் வைத்திருந்த மூட்டையை எஸ்.ஐ. கொட்டினார். அண்ணாச்சி நிலைப்படியிலிருந்து கையை நீட்டி, குழாய்களை ஒவ்வொன்றாக வாங்கி முகர்ந்து, மருந்து வாடை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். எஸ்.ஐ. சப்வூஃபரின் ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார். காற்று சார் என்றேன். காற்றுக்கு இவ்வளவு பெரிய பெட்டியா என்றார். மச்சான் பனியனோடு எழுந்து, அதற்கு இயற்பியல்படி ஒரு காரணம் உண்டு என்று ஆரம்பித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் என் பக்கம் நின்றார், அதுவும் பனியனோடு. அதற்காக அவரை நான் எப்போதும் மறக்க மாட்டேன்.

இத்தனைக்கும் நடுவில் திரையில் எழுத்து வந்திருந்தது. அளவெடுப்பு முடிந்தது. ஏழு நாளாக நடக்காதது நடந்துவிட்டது. சத்தம் ஏறும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யார்?

“சரி, இது எதுக்குத்தான்? போட்டுக் காமிங்க” என்றார் எஸ்.ஐ.

மழையைப் போட்டேன். கறுப்புத் துணி மூடிய அறை, மின்விசிறி கிடையாது, எல்லாருக்கும் வேர்த்து வழிந்தது. எங்கோ ஒரு துளி விழுந்தது. கிரேஸ் வலது பக்கம் திரும்பிப் பார்த்தாள். இன்னொரு துளி, மச்சானின் முதுகுக்குப் பின்னால். அவர் கை தானாகப் பனியன் தோளைத் தடவிப் பார்த்தது. பிறகு மெதுவாக, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி, மழை வந்தது. சுவர் இல்லை. கூரை இல்லை. நாங்கள் ஆறு பேரும் ஏதோ ஒரு வெட்டவெளியில் நின்றோம், எங்களைச் சுற்றி நீர் விழுந்துகொண்டே இருந்தது. வேர்வை வழிந்த முகங்களெல்லாம் இளகிக் குழந்தை முகமாகிவிட்டன. அண்ணாச்சி விட்டத்தைப் பார்த்தபடி வாயை லேசாகத் திறந்திருந்தார். மதுரையில் கண்ட அதே தண்ணீர்க் காட்டில் நான் நடந்தேன். இம்முறை என்னோடு அவர்களும் நடந்தார்கள்.

அப்போது இடி உருண்டது. தூரத்தில், தரைக்கடியில், மிகச் சரியான மூலையிலிருந்து.

ஷெட்டில் வேலை நடக்கும்போது இடி கேட்டால் ஃபோர்மேன் யோசிக்கக் கூடாது. எல்லாரையும் வெளியேற்றி, வெளியே இருப்பதை எடுத்துவைக்கச் சொல்ல வேண்டும். முப்பது வருஷப் பழக்கம் அண்ணாச்சியின் காலில் இருந்தது. அவர் திரும்பி, மூடிய படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கினார். இறங்கும்போதே கத்தினார்.

“மழை வருது. எடுங்க, எடுங்க, அம்புட்டையும் எடுங்க.”

போலீஸ் வந்ததைப் பார்க்க எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது. அண்ணாச்சியின் குரல் வந்தால் முதலில் ஓடு, பிறகு பார் என்று பழகிய சனம். அவர் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பதற்குள் தெரு அவர் சொல்லைச் செய்து முடித்திருந்தது. மேலேயும் அதே கதிதான். எஸ்.ஐ.க்குப் பைக்கில் இருந்த கேஸ் கட்டு ஞாபகம் வந்து சாக்ஸோடு ஓடினார். வி.ஏ.ஓ. அம்மாவின் ஸ்கூட்டிக் கூடையில் யாருடைய பட்டாவோ இருந்தது. மச்சான் கொடியில் தொங்கிய சட்டைக்காக மொட்டைமாடிக்குப் பாய்ந்தார். கிரேஸ், என்னோடு பந்தயம் கட்டிய கிரேஸ், கொத்தவரங்காய் வத்தல் என்று கூவிக்கொண்டு அண்ணனுக்கு முன்னால் ஓடினாள்.

அறையில் நான் மட்டும் நின்றேன். என்னைச் சுற்றி மழை அற்புதமாகப் பெய்துகொண்டிருந்தது.

மொட்டைமாடிக்கு வந்து எட்டிப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். தெரு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. ஒரு குழாய் இல்லை, காயப்போட்ட ஒரு மிளகாய் இல்லை. வீட்டுக்கு வீடு பெண்கள் மடி நிறைய, கை நிறைய எதையாவது அணைத்துக்கொண்டு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது என் பின்னாலிருந்து இரண்டாவது இடி உருண்டது. தெரு மொத்தமும் வானத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது.

எஸ்.ஐ. நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அறிக்கையில் என்ன எழுதுவது என்று வி.ஏ.ஓ. அம்மாவைக் கேட்டார். கிரேஸ் வத்தல் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ரூம் உங்களுக்குத்தான். நான் பேச்சு மாற மாட்டேன். ஆனா கீழ போயி அவுகளுக்குப் பதில் சொல்லிட்டு வந்து எடுத்துக்கோங்க.”

கீழே போனேன். பசை காயாத குழாய்களை அவசரத்தில் அள்ளியதில் பாதி நசுங்கியிருந்தன. மீதியில் நாலு வீட்டு வெவ்வேறு அளவுக் குழாய்களும் ஒன்றாய்க் கலந்திருந்தன, கூடவே மிளகாய் வேறு. அடுத்த வீட்டு முத்துமாரி கையிலிருந்த ஒரு குழாயை எனக்குக் காட்டினாள். அவள் விரல் ஐந்தும் அதில் பதிந்திருந்தன. காலையிலிருந்து உருட்டியது என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏழு நாளாக நான் என் காதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை என்பது அந்த வெயிலில் நிற்கும்போது நன்றாகத் தெரிந்தது.

வேறு இடம் இல்லாததால் எல்லாக் குழாயையும் மாடியறைக்கே ஏற்றினோம். மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்து நானும் உட்கார்ந்து தரம் பிரித்தேன், நசுங்கியதற்குப் பதில் புதிதாக உருட்டவும் செய்தேன். நான் உருட்டிய குழாய்களைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். (அவற்றை அப்படியே சுவரில் ஒட்டிக்கொள்ளச் சொன்னார்கள். மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தன.) மூன்றாம் நாள் சாயங்காலம் முத்துமாரி, அந்த மழையைக் கொஞ்சம் போடுங்கண்ணே, என்னதான் எங்களை ஏமாத்துச்சு என்று பார்ப்போம் என்றாள்.

போட்டேன். முதல் துளியிலேயே பேச்சு நின்றது. உருட்டுகிற கைகள் ஒவ்வொன்றாக நின்றன. இடி வந்தபோது இரண்டு பேர் பாதி எழுந்து, பிறகு கூச்சப்பட்டுச் சிரித்து, மறுபடி உட்கார்ந்தார்கள். மழை தேய்ந்து ஓட்டிலிருந்து கடைசிச் சொட்டுகள் விழுந்து முடிகிறவரைக்கும் யாரும் அசையவில்லை.

“மழை பேயுறப்ப நான் உக்காந்தே இருந்ததில்லைண்ணே” என்றாள் முத்துமாரி. “இம்புட்டு நேரம் பேயுமா அது?”

கடைக்காரர் எழுப்பும்வரை மதுரையில் நான் தூங்கிய தூக்கம் எதற்காக என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நானும் உட்கார்ந்து மழை கேட்டவன் இல்லை.

அறை யாருக்கு என்ற வழக்கு இன்னும் நடக்கிறது. காலையில் அங்கே கரும்பலகை, சாயங்காலம் குழாய், ஞாயிறு நாலு மணிக்கு மழை. மச்சான் எங்கே கல்யாண வீட்டுக்குப் போனாலும், தங்கை வீட்டுக்காரன் வீட்டுக்குள்ளேயே மழை பெய்யவைத்து, போலீஸை சாக்ஸோடு ஓடவிட்ட கதையைச் சொல்லாமல் பந்தியில் உட்காருவதில்லை. அவர் சொல்லும்போது பனியன் மட்டும் கதையில் வராது.

தெருவுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. இப்போது உண்மையிலேயே வானம் கறுத்து இடி இடித்தால் யாரும் உடனே ஓடுவதில்லை. குழாய் கூடையைப் பிடித்துக்கொண்டு என் மாடி ஜன்னலைப் பார்த்து முதலில் கேட்கிறார்கள், “அண்ணே, இது உங்க மழையா, ஆண்டவரு மழையா?” நான் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை தெரு மொத்தமும் முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, முதல் துளிகளைக் கேட்டபடி அப்படியே நிற்கும்.

அதற்காகவே நான் எப்போதும் ஒரு நொடி தாமதமாகத்தான் பதில் சொல்கிறேன்.